மின்னோட்டம் செல்லும் வழி

(மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துப் பள்ளி மாணவரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்சாரத்தைப் பற்றி உங்களிடையே சில சொற்கள் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கின்றனர். மின்சாரம் என்னும் பொருள் கடல் போன்றது; அதில் ஒரு கையளவு நீரையே இன்று அள்ளப் போகிறோம். மின்சுற்று என்றால் என்ன? இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு அதனைப் பல பக்கங்களிலிருந்தும் பார்ப்போம். ஆறாம் வகுப்பு முதற்கொண்டே உங்கள் அறிவியல் நூலில் இப்பாடம் வருகிறது. படம் வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். எனினும் இது தேர்வு மண்டபத்தோடு நின்றுவிடும் பாடம் அன்று. வீட்டுச் சுவரிலும், கிணற்று மேட்டிலும், களத்துக் கொட்டகையிலும் நீங்கள் நாள்தோறும் கை வைக்கும் பொருள்களுக்குள்ளே இப்பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனை அறியாது கை வைத்தோர் உயிரிழந்த செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. அவர்களுள் உங்கள் வயதுடையோரும் உண்டு. ஆகையால் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நம் நாட்டு வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். கரிசலும் செம்மண்ணும் கலந்த இந்த வானம் பார்த்த பூமியில், ஆழ்கிணற்று நீரை மாடுகளைப் பூட்டிக் கமலையால் இறைத்த காலத்தை உங்கள் பாட்டனார்கள் அறிவார்கள். பழைய சென்னை மாகாணத்தில் நீரின் விசையைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் பெரு நிலையம் 1932இல் நீலகிரியின் பைகாராவில் இயங்கத் தொடங்கியது. 1937இல் மேட்டூர் வந்தது. 1944இல் தாமிரபரணி மலையிறங்கும் பாபநாசத்தில் நம் தென்பாண்டிச் சீமைக்கென ஒரு நிலையம் அமைந்தது. 1957 சூலை 1ஆம் நாள் மின்சார வாரியம் தோன்றியது. அதன் பின்னர்ச் சிற்றூர்களுக்கும் கம்பிகள் நீண்டன. கிணறுகளில் மாடுகளின் இடத்தை மோட்டார்கள் பிடித்தன. இன்றோ, செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சங்கரன்கோவில் வட்டாரத்தில் காற்றாலைகள் சுழல்வதை நீங்கள் பேருந்துச் சன்னலிலிருந்தே எண்ணுகிறீர்கள். தெற்கே கூடங்குளத்தில் ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் ஆற்றலுடைய அணு உலைகள் இரண்டு இயங்குகின்றன. எல்லாம் ஒரு வலைப்பின்னலில் வந்து கலக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். பாபநாசத்திலிருந்து புறப்பட்ட மின்சாரம் நம் வீட்டிற்கு வந்து விளக்கை எரித்த பிறகு எங்கே போகிறது? நாம் பலரிடம் கேட்டிருக்கிறோம். "எரிந்து தீர்ந்துவிட்டது" என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. மண்ணெண்ணெய் விளக்கைப் பார்த்துப் பழகிய மனத்திற்கு அவ்வாறு தோன்றுவது இயற்கையே. திரியில் ஏறிய எண்ணெய் திரும்பி வருவதில்லை அன்றோ? ஆனால் மின்னோட்டம் அத்தகையது அன்று. விளக்கினுள் எவ்வளவு மின்னோட்டம் புகுகிறதோ, அவ்வளவும் மறுபுறம் வெளியே வந்துவிடுகிறது. அணுவளவும் குறைவதில்லை. செலவாவது ஆற்றல், ஓட்டம் செலவாவதில்லை. ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய ஓடை நீர், சுழற்றிய பிறகும் அதே அளவு ஓடிக்கொண்டிருப்பதை இதற்கு ஒப்புமையாகக் கொள்ளலாம். புறப்பட்ட இடத்திற்கே மீள்வதற்கு இடையறாத ஒரு வழி இருந்தால்தான் மின்னோட்டம் நிகழும். அந்த முழு வழிக்கே மின்சுற்று என்று பெயர். வழியில் எங்கேனும் ஒரு மயிரிழை அளவு இடைவெளி நேர்ந்தாலும் ஓட்டம் முழுவதும் அக்கணமே நின்றுவிடும்.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். கைவிளக்கில் இடும் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்று, கைவிளக்குப் பல்பு ஒன்று, இரு முனைகளிலும் தோல் உரித்த ஒரு சாண் கம்பி ஒன்று. இம்மூன்றே போதும். பல்பின் அடிப்புள்ளியை மின்கலத்தின் குமிழ் மீது நிறுத்துங்கள். கம்பியின் ஒரு முனையை மின்கலத்தின் அடித்தட்டில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தொடுங்கள். விளக்கு எரியும். அக்கம்பியைப் பக்கவாட்டில் தொடாமல் பல்பின் அடிப்புள்ளியிலேயே தொட்டுப் பாருங்கள், எரியாது. ஏன்? பல்பின் உள்ளே இழையின் ஒரு முனை அடிப்புள்ளியிலும் மறுமுனை பக்கவாட்டு உலோகத்திலும் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் தொட்டால்தான் இழையின் ஊடே வழி உண்டு. அடிப்புள்ளியை மட்டும் தொட்டால், மின்னோட்டம் இழைக்குள் புகாமலே குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது; மின்கலமும் சூடேறுகிறது. குறுக்குச் சுற்று என்று நூல்களில் படிக்கிறீர்களே, அது இதுதான்.

இச்சோதனைகளை மின்கலத்தோடு மட்டுமே செய்தல் வேண்டும் என்பதை இப்போதே கூறிவிடுகிறோம். வீட்டுச் சுவரிலுள்ள துளைகளில் 230 வோல்ட் இருக்கிறது. 1.5 எங்கே, 230 எங்கே?

இனி ஒரு புதிர். டிராக்டரின் பாட்டரியிலிருந்து முன்விளக்கிற்குச் செல்லும் கம்பியைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் விளக்குக்கு ஒரே கம்பிதான் வந்து சேரும். சுற்று என்றால் போகவும் வரவும் இரண்டு வழி வேண்டும் என்றோமே, மற்றொன்று எங்கே? வண்டியின் இரும்பு உடலே அந்த மற்றொன்று! பாட்டரியின் எதிர்முனையை வண்டிச் சட்டத்தில் முடுக்கியிருப்பார்கள். விளக்கின் ஒரு முனையும் அதே சட்டத்தில் பட்டிருக்கும். பல்பும் நன்று, கம்பியும் நன்று, எனினும் விளக்கு எரியவில்லை என்றால், சட்டத்தில் படும் இடத்தில் துருவோ வண்ணப்பூச்சோ தடுக்கிறது என்று பொருள். உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, விளக்கு எரிந்துவிடும். முன்பு டைனமோ வைத்த மிதிவண்டிகளிலும் இதே முறைதான். டைனமோவை இறுக்கும் திருகாணியின் கூர்முனை வண்ணத்தைக் குடைந்து இரும்பைத் தொடும்படி அமைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய வண்டி கிடந்தால் இறக்கிப் பாருங்கள். பாடநூலின் ஒரு பக்கத்துக்கு அது ஈடாகும்.

'கம்பிதான் வழி' என்று எண்ணாமல், 'மின்சாரம் கடத்தும் எதுவும் வழியாகலாம்' என்று எண்ணக் கற்பதே இப்புதிரின் பயன். இரும்புச் சட்டம் வழியானது போல், ஈரமண்ணும் வழியாகும். மனித உடலும் வழியாகும். இச்செய்திக்குப் பின்னர் மீண்டு வருவோம்.

ஓட்டத்தை அளக்கும் அலகு ஆம்பியர். அதனை உந்தும் அழுத்தத்தின் அலகு வோல்ட். வழியில் நேரும் தடையின் அலகு ஓம். இம்மூன்றுக்கும் உள்ள உறவைக் கண்டவர் ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் செருமானியர். அவர் பெரிய ஆய்வுக்கூடத்தின் தலைவரல்லர். கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். 1827இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டபோது அவருடைய நாட்டில் உரிய மதிப்புக் கிட்டவில்லை. 1841இல் இலண்டன் இராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்துச் சிறப்பித்த பின்னரே பலர் கண்விழித்தனர். ஈண்டு அமர்ந்திருக்கும் ஆசிரியர்களை மகிழ்விப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் மகிழ்ந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. விதி மிக எளியது: அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும்.

மின்னோட்டத்தை வாய்க்கால் நீரோடு ஒப்பிடுவது ஆசிரியர்களின் வழக்கம். உயரத்தில் உள்ள தொட்டி வோல்ட். குழாயில் ஓடும் நீர் ஆம்பியர். குழாயின் குறுகல் ஓம். இவ்வொப்புமை நல்லதே, ஆனால் ஓரெல்லை வரைதான். வாய்க்காலை வெட்டினால் நீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டுவதில்லை, நின்றுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சுவிட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிவதால், கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் மின்னல் வேகத்தில் பாய்கின்றன என்று எண்ணுகிறோம். உண்மையில் வீட்டுக் கம்பிகளில் அவை விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் தொலைவுகூட நகர்வதில்லை! நீர் நிரம்பிய நீண்ட ரப்பர்க் குழாயின் ஒரு முனையில் பம்பை இயக்கியதும் மறுமுனையில் உடனே நீர் விழுகிறதன்றோ? பம்பிலிருந்து புறப்பட்ட நீரா அது? அன்று, ஏற்கெனவே முனையில் நின்ற நீர். கம்பியிலும் எலெக்ட்ரான்கள் முன்னரே நிரம்பி நிற்கின்றன. அத்துடன் நம் வீட்டிற்கு வருவது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடும் மாறு மின்னோட்டம். எனவே பாபநாசத்து எலெக்ட்ரான் எதுவும் மேலநீலிதநல்லூருக்கு வருவதே இல்லை. ஊர் எல்லையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில், 11,000 வோல்ட் கம்பிச்சுருளும் நம் வீடுகளுக்கு மின்சாரம் தரும் சுருளும் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. இடையில் நின்று ஆற்றலைக் கடத்துவது காந்தப்புலம். 1831இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை அது. நம் வீட்டுச் சுற்று அந்த டிரான்ஸ்பார்மரில் தொடங்கி அந்த டிரான்ஸ்பார்மரிலேயே முடிகிறது.

அழுத்தமும் ஓட்டமும் வேறு வேறு என்பதைத் தெளிவாகக் காட்ட, நம் மாவட்டத்துப் புளியங்குடிச் சந்தையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தால் போதும். ஒவ்வொரு பழத்திலும் ஒரு செப்புக் கம்பித்துண்டையும், துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் ஒன்றையொன்று தொடாதவாறு குத்துங்கள். ஒரு பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் அழுத்தம் தரும். ஒன்றின் செம்பை அடுத்ததன் ஆணியோடு இணைத்து நான்கையும் கோத்தால் மூன்றரை வோல்ட்டுக்கு அருகில் வரும். இரண்டு மின்கலம் இட்ட கைவிளக்குக்கு 3 வோல்ட்டே. ஆகவே கைவிளக்குப் பல்பு எரியவேண்டும் அல்லவா? எரியாது. அழுத்தம் இருக்கிறது, ஆனால் பழத்தின் உட்தடை மிகுதியாதலால் ஓட்டம் ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கிறது. பல்புக்கோ அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் வேண்டும். அதே நான்கு பழங்களில் ஒரு சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கை, அதன் நீண்ட காலைச் செம்பின் பக்கமாக இணைத்துப் பாருங்கள்; மங்கலாகவேனும் எரியும். இத்தாலியரான வோல்ட்டா 1800இல் உலோகத் தகடுகளுக்கிடையே உப்பு நீரில் நனைத்தவற்றை அடுக்கிச் செய்த முதல் மின்கல அடுக்கும் இந்த எலுமிச்சையின் உறவினரே.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் செல்லாதவர் உங்களுள் எவரும் இரார். அங்கே வரிசை வரிசையாகத் தொங்கும் சீரியல் விளக்குகளை ஒரு மாணவனின் கண்கொண்டு பாருங்கள். பழைய முறைச் சரமொன்றில் 6 வோல்ட் சிறுபல்புகள் 38 வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். 38ஐ ஆறால் பெருக்கினால் 228. மொத்த அழுத்தமாகிய 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. இதுவே தொடர் இணைப்பு. ஓட்டத்திற்கு ஒரே வழிதான். எனவே ஒரு பல்பின் இழை அறுந்தால் சரம் முழுவதும் இருண்டுவிடும். விளக்குக்காரர் எரியாத பல்பைத் தேடிச் சலித்து, அந்த இடத்தில் கம்பியை முறுக்கி இணைத்துவிடுவதும் உண்டு. சரம் மீண்டும் எரியும்; ஆனால் 38 பங்கு 37 ஆகிறது; எஞ்சிய ஒவ்வொன்றும் சிறிது கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது. இப்படி ஐந்தாறு இடங்களில் முறுக்கிவிட்டால், மற்றவையும் விரைவில் கருகும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, பலர் அறியாதது. சரம் இருண்டு கிடக்கிறதே, மின்சாரம் இல்லை என்று எண்ணி, பல்பு கழன்ற இடத்தின் இரு முனைகளையும் சிறுவர் தொட்டுப் பார்ப்பர். ஓட்டம் இல்லாதபோது மற்றப் பல்புகள் அழுத்தம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே 230 வோல்ட் முழுவதும் அந்தச் சிறு இடைவெளியிலேயே வந்து நிற்கிறது. இருண்ட சரம் எரியும் சரத்தைவிடக் கொடியது.

வீட்டு விளக்குகளையும் மின்விசிறியையும் இவ்வாறு கோத்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். அடுப்படி விளக்கை அணைத்தால் தாத்தாவின் மின்விசிறியும் நின்றுவிடும். ஆகையால் வீடுகளில் பக்க இணைப்பே வழக்கம். ஒவ்வொரு கருவியும் தனக்கெனத் தனிக் கிளை வழியைப் பெறுகிறது. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்பதில்லை. பெருங்கால்வாயில் ஆளுக்கொரு மடை திறந்துகொள்வது போன்றது இது. மடைகள் மிகுந்தால் தலைக்கால்வாயில் ஓடும் நீரும் மிகவேண்டும். 2000 வாட் மின்னடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர். இரண்டையும் ஒரே பிளக்கில் மாட்டினால் 13 ஆம்பியர். சுவருக்குள் இருக்கும் கம்பி விளக்குக்கென்று இழுத்த மெல்லிய கம்பியாயின், அது உள்ளேயே வெந்து, மேலுறை உருகி, ஒருநாள் தீப்பற்றும்.

இதைத் தடுக்கவே பியூஸ். சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட பலவீனமான இடம் அது. அளவுக்கு மீறிய ஓட்டம் வந்தால், வீட்டுக் கம்பி வேகுமுன் தான் உருகி வழியைத் துண்டித்துவிடுகிறது. நம் சிற்றூர்களில் நடப்பது என்ன? பியூஸ் அடிக்கடி போகிறது என்று, நாலு செப்பிழைகளை முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். திருடன் வரும்போதெல்லாம் நாய் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று நாயின் வாயைக் கட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பியூஸ் மீண்டும் மீண்டும் போனால், பழுது பியூஸில் இல்லை; வேறெங்கோ இருக்கிறது.

கம்பியின் பருமனைப் பற்றி உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கணக்கை அறிந்திருத்தல் நலம். வீட்டிலிருந்து 100 மீட்டர் தொலைவிலுள்ள களத்திற்கு, மலிவாகக் கிடைத்தது என்று 1 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியை இழுத்து, 5 ஆம்பியர் எடுக்கும் ஒரு சிறு மோட்டாரை ஓட்டுகிறீர்கள். போக 100, வர 100, ஆக 200 மீட்டர். அக்கம்பியின் தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 ஓம். 200 மீட்டருக்கு 3.6 ஓம். 5ஐ 3.6ஆல் பெருக்கினால் 18. அதாவது 18 வோல்ட் வழியிலேயே தொலைந்து, மோட்டாருக்கு 212 வோல்ட்தான் போய்ச் சேரும். தொலைந்தது வீணே போகிறதா என்றால், அதுவும் இல்லை. 90 வாட் அளவு வெப்பமாகிக் கம்பியைச் சுடவைக்கிறது. கம்பியைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும். இதுவே 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியாயின் இழப்பு ஏழரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். டிரான்ஸ்பார்மருக்கு நெடுந்தொலைவில் உள்ள கடைசித் தெரு வீடுகளில் மாலை நேரத்தில் விளக்கு மங்குவதற்கும் காரணம் இதே பெருக்கல்தான். ஓம் என்னும் அந்தப் பள்ளி ஆசிரியரின் விதி நம் தெருக்கோடியில் நின்று கண்சிமிட்டுகிறது.

இனி, பின்னர் மீண்டு வருவோம் என்ற இடத்திற்கு வருகிறோம்.

வீட்டிற்கு வரும் இரு கம்பிகளில் ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். டிரான்ஸ்பார்மரின் அடியில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருக்கிறார்கள். டிராக்டரின் சட்டத்தை நினைவுகூருங்கள். அங்கே இரும்பு உடல் திரும்பு வழியாயிற்று. இங்கே பூமியே திரும்பு வழியாகிறது. ஆகவே வெறுங்காலுடன் ஈரத்தரையில் நிற்கும் ஒருவர் பேஸ் கம்பியைத் தொட்டால், அவருக்கு இரண்டாவது கம்பி வேண்டியதில்லை. கை வழியாகப் புகுந்த ஓட்டம், மார்பைக் கடந்து, கால் வழியாக மண்ணில் இறங்கி, டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. சுற்று முழுமையாகிவிட்டது, அச்சுற்றின் ஒரு துண்டு அவரே. மின்கம்பியில் அமரும் காக்கைக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே கம்பியில் உள்ளன. திரும்பும் வழி இல்லை. ஆனால் அகன்ற இறகுள்ள மயில், இரு கம்பிகளைச் சிறகால் ஒருங்கே தொட்டுவிட்டால் மடிந்து விழுகிறது.

ஈரமான மனித உடலின் தடை ஏறத்தாழ 1000 முதல் 2000 ஓம் வரை எனலாம். 1500 என்று கொண்டு 230ஐ வகுத்துப் பாருங்கள்: 0.15 ஆம்பியர். சிறிய எண்தானே என்று தோன்றும். ஆனால் 0.03 ஆம்பியரே மூச்சையும் இதயத் துடிப்பையும் நிலைகுலையச் செய்யப் போதுமானது. இப்போது பியூஸை எண்ணிப் பாருங்கள். 5 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் அது உருகும். ஒரு மனிதன் துடித்து மாண்டாலும் அதற்கு அது பொருட்டன்று; ஒரு சிறு விளக்கு எரிவதாகவே அது கருதும். பியூஸ் வீட்டைக் காக்க வந்தது. ஆளைக் காக்க வந்ததன்று. 'எங்கள் வீட்டில் புதிய மாதிரித் தானியங்கிச் சுவிட்சு இருக்கிறதே' என்று சிலர் நிம்மதியுடன் இருக்கிறார்கள். மிகையோட்டத்தில் விழும் சுவிட்சுக்கும் இக்கூற்றுப் பொருந்தும்.

ஆளைக் காப்பதற்கென்று வேறொரு கருவி இருக்கிறது. மின்கசிவுத் தடுப்பான் என்பர். அது செய்யும் கணக்கு மிக அழகியது. பேஸ் வழியாகச் சென்ற ஓட்டமும், நியூட்ரல் வழியாகத் திரும்பிய ஓட்டமும் சமமா என்று இடையறாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். புகுந்ததெல்லாம் திரும்பவேண்டும் என்று தொடக்கத்தில் கூறினோமே, அந்த விதியையே அது காவலாக நின்று சோதிக்கிறது. போனதில் 0.03 ஆம்பியர் குறைந்து திரும்பினாலும், எங்கோ ஓர் உடல் வழியாகவோ சுவர் வழியாகவோ கசிகிறது என்று அறிந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் வழியைத் துண்டித்துவிடும். ஒரு பட்டுச்சேலையின் விலைக்கும் குறைவான இக்கருவி இல்லாத வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் பல. பெற்றோரிடம் இதைச் சொல்லவேண்டியவர்கள் நீங்களே. அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும்; அப்போது அது விழுந்தால் நன்று; விழாவிடில் மாற்றவேண்டும்.

மூன்றாவது துளையிலிருந்து செல்லும் எர்த் கம்பியும் உயிர் காப்பதே. கிரைண்டரின் உள்ளே பேஸ் கம்பி நைந்து உலோக உடலில் பட்டுவிட்டால், உங்கள் கையைவிட எளிய வழியொன்றை எர்த் கம்பி காட்டுகிறது. அவ்வழியே பெரும் ஓட்டம் பாய்ந்து பியூஸை உருக்குகிறது. இதற்குப் புதைத்த இரும்புக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இடுவது மண்ணில் ஈரத்தைக் காத்துத் தடையைக் குறைப்பதற்காக. நம் ஊர்க் கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அக்குழியில் நீர் ஊற்றாவிடில், எர்த் இருந்தும் இல்லாததே.

சுவிட்சைப் பேஸ் கம்பியில் வைக்கவேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையத்தான் செய்யும். ஆனால் அணைந்த பின்னும் விளக்கின் மாட்டியில் மின்னழுத்தம் நின்றுகொண்டே இருக்கும். அணைத்துவிட்டுத்தானே பல்பை மாற்றினோம் என்று சொல்லவும் ஆள் இராது. டெஸ்டரைக் கொண்டு இதைப் பெரியவர்கள் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிடியைத் தொடாவிட்டால் விளக்கு எரியாதே, ஏன்? உங்கள் உடலும் அச்சுற்றில் சேர்ந்தால்தான் வழி முழுமையாகும். உள்ளே பல லட்சம் ஓம் தடையொன்றை வைத்திருப்பதால், ஓட்டம் உணரவே முடியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. உடைந்த டெஸ்டரையும் நனைந்த டெஸ்டரையும் தொடாதீர்கள்.

சில செய்திகளை விரைவாகச் சொல்லிச் செல்கிறோம். துணி உலர்த்த இரும்புக் கம்பி கட்டாதீர்கள், கயிறு கட்டுங்கள். கூரையில் செல்லும் மின்கம்பி அதில் உராய்ந்து, ஈரத்துணியோடு சென்ற தாய்மார்கள் மாண்ட ஊர்கள் பல. மின்கம்பத்திலும் அதன் இழுவைக் கம்பியிலும் ஆட்டையோ மாட்டையோ கட்டலாகாது. காட்டுப்பன்றிக்கென வீட்டு மின்சாரத்தை வேலியில் இணைப்பது சட்டப்படி குற்றம். அவ்வேலிக்கு பன்றியும் தெரியாது, அதிகாலையில் நீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையும் தெரியாது. சூரிய ஒளியால் இயங்கும் முறையான வேலிக் கருவி வேறு. அது விநாடிக்கொருமுறை அளவில் மிகச் சிறு நேரம் மட்டும் அதிர்ச்சி தருவது. அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் அருகே செல்லாதீர்கள். அது கிடக்கும் மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். விலகி நின்று மற்றவரையும் தடுத்து, மின்னகத்தின் 94987 94987 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். தொட்டவரும் அதே சுற்றில் சேர்ந்துவிடுவார். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். அணைக்க இயலாவிடில், வீட்டு மின்சாரமாயின், உலர்ந்த மரக்கட்டையால் விலக்கிவிட்டு 108ஐ அழைக்கவேண்டும். இங்கே 'உலர்ந்த' என்னும் சொல்லே உயிர்நாடி.

ஒரு வீட்டுப் பாடமும் தந்துவிட்டுப் போகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டின் மின்சுற்றைத் தாளில் வரையுங்கள். எதையும் திறக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தாலே போதும். மீட்டர் எங்கே, பியூஸ் எங்கே, எந்தச் சுவிட்சு எந்த விளக்குக்கு, எர்த் குழி எந்த மூலையில், மின்கசிவுத் தடுப்பான் உண்டா இல்லையா என்பவற்றைக் குறியுங்கள். கிணற்றில் மோட்டார் இருந்தால் அதன் ஸ்டார்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்சை மட்டும் சிவப்பு மையால் குறித்து, அது வீட்டிலுள்ள சிறியவர்க்கும் கைக்கு எட்டுமா என்பதை ஓரத்தில் எழுதுங்கள். திங்கட்கிழமை உங்கள் அறிவியல் ஆசிரியர் அப்படங்களைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.